திறந்தே சொல்கிறேன்! (கேள்வி-பதில்)

கே: பூட்டுத் திறக்கும் கருவி செட் ஒன்று புதிதாக வாங்கியிருப்பதாகப் போன இதழில் எழுதியிருந்தீர்கள். பிரித்துப் பார்த்தாயிற்றா?
— திருச்சி வாசகர்

ப: பிரித்தேன், தேய்த்தேன், திறந்தேன். நடுவில் உள்ளதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கொக்கி, பாதி வைரம், அலை அலையாக வளைந்த ரேக், உருண்டைத் தலை என்று ஒரு டஜனுக்கு மேல் மெல்லிய எஃகுக் குச்சிகள். கூடவே ‘ட’ எழுத்துப் போல் வளைத்த பட்டைக் கம்பிகள் ஐந்தாறு. ஒவ்வொரு குச்சியையும் விளக்கடியில் பிடித்து, விளிம்பில் கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். தகட்டிலிருந்து வெட்டிய பிசிறு நகத்தைப் பிடித்து நிறுத்தியது. 400-ம் எண் உப்புத்தாளில் தொடங்கி 600, 1000 என்று ஏறி, கடைசிச் சுற்றில் தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். பிசிறோடு உள்ளே விட்டால் அது பித்தளையைச் சுரண்டிக்கொண்டே போகும். சுரண்டுவது எது, பூட்டுக்குள் இருக்கும் குட்டிப் பின் நகர்வது எது என்று விரலுக்குப் பிரிக்கத் தெரியாது. நகம் தடையில்லாமல் வழுக்கிப் போகிற பதம் வந்தபின் அதே குச்சியை அதே பூட்டில் விட்டேன். இதுவரை சொல்லாததை எல்லாம் பூட்டு சொல்ல ஆரம்பித்தது.

கே: ஒரு டஜன் குச்சி எதற்கு?
— நாகர்கோவில் வாசகி

ப: இரண்டு கருவி போதும். சின்னக் கொக்கி ஒன்று, நல்ல பட்டைக் கம்பி ஒன்று. புதியவருக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. எண்ணிக்கையைவிடக் கனத்தைப் பாருங்கள். அகலமான சாவித் துவாரத்துக்கு 0.025 அங்குலக் குச்சி நன்றாக நிற்கும். சாவித் துவாரம் குறுகலாக, நெளிந்து நெளிந்து இருந்தால் 0.015 அங்குலம்தான் உள்ளே போகும், ஆனால் எளிதில் வளையும். ஒரே கனத்தில் இருபது வடிவம் தரும் செட்டைவிட, ஒரே கொக்கியை இரண்டு மூன்று கனத்தில் தரும் செட்டுக்கு என் ஓட்டு. அப்புறம், பட்டைக் கம்பிகளின் தரத்தைப் பார்த்து வாங்குங்கள். மலிவான செட்டுகளில் எல்லா அக்கறையையும் குச்சியில் காட்டிவிட்டு, கம்பியைக் கடமைக்குச் செருகியிருப்பார்கள்.

கே: சாவியே இல்லாமல் கம்பியால் பூட்டு திறப்பது எப்படி? மாணவர்களுக்குச் சொல்லும்படி விளக்குங்களேன்.
— பெரம்பலூர் ஆசிரியை

ப: கரும்பலகையில் ஒரு படம் போட்டுக்கொள்ளுங்கள் டீச்சர். சாவி போகும் பித்தளை உருளை ஒன்று. அதைச் சுற்றி அசையாத உறை ஒன்று. உறையையும் உருளையையும் ஊடுருவி வரிசையாக ஐந்து துளைகள். ஒவ்வொரு துளையிலும் கீழே ஒரு பின், அதன் தலையில் இன்னொரு பின், அதற்கும் மேல் ஒரு ஸ்பிரிங். சாவி போடாதபோது மேல் பின், பாதி உடம்பு உருளையிலும் பாதி உறையிலுமாக நின்று உருளையை மறிக்கிறது. சரியான சாவியைப் போட்டால் அதன் மேடுபள்ளம் ஐந்து ஜோடிகளையும் ஒரே சமயத்தில் தேவையான உயரத்துக்குத் தூக்குகிறது. பின்கள் பிரியும் இடமும், உருளை முடிந்து உறை தொடங்கும் இடமும் ஒரே கோட்டில் வந்துவிடுகின்றன. உருளை சுழல்கிறது. லைனஸ் யேல் ஜூனியர் என்ற அமெரிக்கர் 1860-களில் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. மரத்தில் பின் வைத்த பூட்டு பழைய எகிப்திலேயே உண்டு.

இப்போது நம் கதை. ஐந்து துளைகளும் துல்லியமாக ஒரே நேர்கோட்டில் அமைந்திருந்தால் குச்சியால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் எந்தத் தொழிற்சாலையாலும் அப்படித் துளைக்க முடியாது. ஒரு துளை முடியளவு இடப்பக்கம் இருக்கும், ஒன்று வலப்பக்கம். அதனால் பட்டைக் கம்பியால் உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்தால் ஐந்தும் ஒருசேர இறுகுவதில்லை. ஒன்று மட்டும் முதலில் மாட்டிக்கொள்கிறது. கொக்கியால் தடவி அது எது என்று கண்டுபிடித்துத் தூக்கினால், மேல் பின் கோட்டைத் தாண்டியதும் உருளை ஒரு நூலிழை திரும்புகிறது. மேலே போன அந்தப் பின் திரும்பிக் கீழே வர வழியில்லாமல் அந்த விளிம்பிலேயே உட்கார்ந்துவிடுகிறது. உடனே வேறொரு பின் இறுகும். அதைத் தேடிப் போக வேண்டியதுதான். சாவி ஒரே வீச்சில் செய்வதை நாம் ஒவ்வொன்றாகச் செய்கிறோம்.

உங்கள் மாணவர்களிடம் ஒரு கேள்வி போடுங்கள்: முதலில் இறுகுவது முதல் துளையில் உள்ள பின்னாகத்தான் இருக்க வேண்டுமா?

கே: கண்ணுக்கே தெரியாத இடத்தில் நடப்பது விரலுக்கு எப்படித் தெரிகிறது?
— மன்னார்குடி வாசகர்

ப: கிணற்றில் வாளி விட்டவருக்கு இந்தச் சந்தேகம் வராது. வாளி தண்ணீரைத் தொட்டதும், சாய்ந்ததும், நிரம்பியதும் கயிறு வழியே கைக்கு வந்துவிடும். இங்கே கயிற்றுக்குப் பதில் எஃகு. இறுகாத பின்னைத் தொட்டால் ஸ்பிரிங் மட்டும் துள்ளும். இறுகிய பின் அசைய மறுக்கும். அது உட்காரும்போது காதுக்கு ஒரு ‘டிக்’ கேட்கும். அதற்கு முன்பே பட்டைக் கம்பியைப் பிடித்த விரலுக்குச் சேதி போய்ச் சேர்ந்திருக்கும்.

கே: சினிமாவில் கதாநாயகி கொண்டையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி நொடியில் திறந்துவிடுகிறாரே?
— பாளையங்கோட்டை வாசகர்

ப: இன்னொரு ஹேர்பின்னையும் உருவச் சொல்லுங்கள். ஒன்று பின்னைத் தூக்கும், உருளையைத் திருப்புவது யார்?

கே: பட்டைக் கம்பியை எவ்வளவு அழுத்த வேண்டும்? கை வலித்தது, பூட்டு அசையவில்லை.
— ஓசூர் பொறியாளர்

ப: கை வலித்தது என்றீர்களே, காரணம் அதிலேயே இருக்கிறது. ஆள்காட்டி விரலின் சதை கம்பியின் மேல் படிந்திருக்க வேண்டும், அவ்வளவே. நகத்தின் அடியில் வெள்ளை ஏறினால் அதிகம். பலமாக அழுத்தினால் ஐந்து பின்களும் சேர்ந்து இறுகிக்கொண்டு, எது முதலில் என்ற வித்தியாசமே தெரியாமல் போகும். கீழ்ப் பின்னும் எல்லை தாண்டி மேலே போய் மாட்டிக்கொள்ளும். அப்படி மாட்டினால் இழுத்துப் போராடாமல் கம்பியை முழுக்க விட்டுவிடுங்கள். பின்கள் ‘டக் டக்’ என்று விழும் ஓசையை எண்ணுங்கள். எத்தனை விழுந்தன என்பதிலிருந்து எவ்வளவு தூரம் போயிருந்தீர்கள் என்று தெரிந்துவிடும். நான் இந்தச் செட்டைச் சோதித்தபோது குச்சியை மாற்றி மாற்றிப் பார்த்ததைவிட, கம்பியின் இறுக்கத்தை மாற்றி மாற்றிப் பார்த்ததில்தான் பூட்டுகள் இசைந்து வந்தன. புதியவர் எல்லாரும் குச்சி பிடித்த கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வேலை மற்ற கையில் நடக்கிறது.

கே: ரேக்கை உள்ளே விட்டு விறுவிறுவென்று ஆட்டினாலே திறந்துவிடுகிறதே! கொக்கி எதற்கு?
— ஈரோடு வாசகர்

ப: அப்படித் திறக்கும் பூட்டை உடனே வாசற்கதவிலிருந்து கழற்றிவிடுங்கள். ரேக் வேலை செய்வது பூட்டின் தளர்ச்சியால். திறந்தபின் எது முதலில் உட்கார்ந்தது என்று கேட்டால் உங்களால் சொல்ல முடியாது. கொக்கியால் திறந்தவர் சொல்வார்.

கே: உருளை கொஞ்சம் திரும்பி, திறக்கப் போகிறது என்று மகிழ்ந்தால் அப்படியே நின்றுவிடுகிறது. குச்சியில் கோளாறா?
— காரைக்குடி வாசகர்

ப: வாழ்த்துகள், நல்ல பூட்டு வாங்கியிருக்கிறீர்கள். அதில் சில மேல் பின்கள் இடுப்பு ஒடுங்கியவை. நம்மைப் போன்றவர்களை ஏமாற்றவே அப்படிக் கடைந்து வைக்கிறார்கள். ஒடுங்கிய இடுப்பு கோட்டில் வந்ததும் உருளை சட்டென்று சில டிகிரி திரும்பும். எல்லாம் முடிந்தது போலத் தோன்றும். முடியவில்லை. அந்த நிலையில் ஒவ்வொரு பின்னையும் மெல்லத் தொட்டுக்கொண்டே வாருங்கள். எதைத் தள்ளும்போது உருளை எதிர்த்திசையில் உங்கள் விரலைத் தள்ளுகிறதோ, அதுதான் அந்தப் பின். தள்ளினால் விட்டுக்கொடுங்கள். கம்பியை இம்மியளவு தளர்த்தி, பின்னை மேலே போகவிட்டு, மறுபடி பிடிக்க வேண்டும். அதிகம் தளர்த்தினால் முன்னே உட்கார்ந்தவை எல்லாம் விழுந்துவிடும். இந்த விட்டுக்கொடுத்துப் பிடிக்கும் கணம் கைவரும்போது கிடைக்கும் சந்தோஷத்துக்காகவே இந்தப் பொழுதுபோக்கை யாருக்கும் சொல்வேன்.

கே: கண்ணாடி போல உள்ளே தெரியும் பயிற்சிப் பூட்டு வாங்கலாமா?
— புதுச்சேரி வாசகி

ப: ஒரு நாள் பார்த்துப் புரிந்துகொள்ள நல்லது. அதிலேயே பழகினால் கண் பழகும், விரல் பழகாது. துளைகளும் தொளதொளவென்று இருக்கும். கழற்றி மாட்டக்கூடிய பித்தளைப் பூட்டு கிடைத்தால் அதை வாங்கி, ஒரே ஒரு பின் போட்டுத் தொடங்குங்கள். பிறகு இரண்டு, மூன்று.

கே: இதையெல்லாம் பத்திரிகையில் எழுதுவது திருடனுக்குப் பாடம் நடத்துவது ஆகாதா?
— சேலம் வாசகர்

ப: உங்கள் கேள்விக்கு வயது 170-க்கு மேல். 1851-ல் லண்டனில் பெரிய கண்காட்சி நடந்தபோது ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டு நிபுணர் அங்கே போனார். ஆங்கிலேயர் மிகவும் நம்பியிருந்த சப் நிறுவனத்துப் பூட்டு ஒன்றைச் சாட்சிகள் முன்னிலையில் 25 நிமிடத்தில் திறந்தார். யாராவது குடைந்தால் உள்ளே இருக்கும் லீவர் என்ற தகடு அளவு மீறி உயர்ந்து சிக்கிக்கொண்டு உரிமையாளருக்குக் காட்டிக்கொடுக்கும் பூட்டு அது. அடுத்து பிக்காடிலி வீதியில் பிராமா கடைக்குப் போனார். அதன் ஜன்னலில் பல பத்தாண்டுகளாக ஒரு பூட்டு சவாலாகவே வைக்கப்பட்டிருந்தது, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்போடு. 16 நாட்களில், மொத்தம் 51 மணி நேரம் உழைத்து அதையும் திறந்தார். லண்டன் கலங்கிப் போயிற்று. பூட்டின் பலவீனத்தை ஊரறியச் சொல்லலாமா என்று அன்றும் கேட்டார்கள். 1853-ல் வெளிவந்த தன் நூலில் ஹாப்ஸ் தந்த விடை இது: திருடர்கள் தங்கள் தொழிலில் கெட்டிக்காரர்கள், நாம் சொல்லித்தான் அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. தெரியாமல் இருப்பவர்கள் நேர்மையானவர்களே. நான் அவர் கட்சி.

நம் காலத்து உதாரணம் வேண்டுமா? 2004-ல் அமெரிக்காவில் விலையுயர்ந்த சைக்கிள் பூட்டு ஒன்றைச் சாதாரண பால்பாயின்ட் பேனாவின் பிளாஸ்டிக் குழாயால் திறக்க முடியும் என்று ஒரு சைக்கிள்காரர் எல்லாருக்கும் காட்டினார். அதன் பிறகுதான் பூட்டுகளை மாற்றித் தந்தார்கள். அவர் வாயை மூடியிருந்தால் யாருக்கு லாபம்? சைக்கிளை நம்பிப் பூட்டிவிட்டுப் போனவருக்கா?

கே: சட்டம் என்ன சொல்கிறது? பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகலாமா?
— விழுப்புரம் கல்லூரி மாணவர்

ப: தம்பி, செட் வீட்டிலேயே இருக்கட்டும். அடுத்தவர் வீட்டுக்குள் அத்துமீறி நுழையப் பூட்டைத் திறப்பது இந்திய தண்டனைச் சட்டத்திலும், இப்போதுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும், கன்னம் வைத்து நுழைவதோடு ஒரே வகையில் சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கிறது. ஜப்பானில் தகுந்த காரணமில்லாமல் இத்தகைய கருவியை வைத்திருப்பதையே 2003 முதல் தடுத்திருக்கிறார்கள். உலகமெங்கும் இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் இரண்டு விதிகளை விடாமல் காக்கிறார்கள். உன்னுடையதல்லாத பூட்டைத் தொடாதே. உன்னுடையதானாலும், பயன்பாட்டில் உள்ள பூட்டைத் தொடாதே. ராத்திரி பத்து மணிக்கு அடுத்த தெருவில் இந்தச் செட்டோடு நின்றால், பொழுதுபோக்கு என்று நீ சொல்வதைக் கேட்க ரோந்து போலீஸ்காரருக்குப் பொழுது இருக்காது.

கே: பயன்பாட்டில் உள்ளதைத் தொடக் கூடாதா? பீரோ சாவி தொலைந்துவிட்டது, கையில் புது செட் இருக்கிறது!
— கும்பகோணம் வாசகி

ப: செட்டை மூடி வையுங்கள் அம்மா. குச்சி நுனி உள்ளே ஒடிந்தால் சாவிக்காரர் வந்தும் பயனில்லை. அவரை முதலிலேயே கூப்பிடுங்கள். கூப்பிட்டால் அருகில் நின்று பாருங்கள். மேடுபள்ளம் வெட்டாத மொட்டைச் சாவி ஒன்றின் விளிம்பை அரத்தால் மழித்துப் பளபளப்பாக்குவார். உள்ளே விட்டு, இறுக்கித் திருப்பி ஆட்டி, வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். உள்ளே எங்கே இறுகியதோ அங்கே மட்டும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு ஒரு மங்கல் புள்ளி விழுந்திருக்கும். அந்தப் புள்ளியில் மட்டும் ஓர் அர இழுப்பு. மறுபடி உள்ளே. புள்ளி விழாமல் போகும் ஆழம்தான் சரியான ஆழம். இப்படியே பூட்டைக் கழற்றாமல், மூலச் சாவியைக் காணாமல், சாவி செய்து கையில் கொடுத்துவிடுவார். நான் வெளிநாட்டுக் கருவி வைத்துக்கொண்டு பிடிக்கும் அதே இறுக்கத்தை அவர் ஒரு மொட்டைச் சாவியிலும் ஓர் அரத்திலும் படிக்கிறார். பேரம் பேசாமல் கொடுங்கள்.

கே: எங்கள் ஊர்ப் பூட்டை உங்கள் செட்டால் திறந்து காட்டுங்கள் பார்ப்போம்!
— திண்டுக்கல் வாசகர்

ப: முடியாது. உங்கள் ஊர்க் கைவேலைப் பூட்டு லீவர் பூட்டு. அதில் பின் என்பதே கிடையாது. உள்ளே தகடு தகடாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு வெட்டு. எல்லாத் தகடும் அதனதன் உயரத்துக்கு வந்து, வெட்டுகள் எல்லாம் ஒரே வரிசையில் நின்றால்தான் தாழ் நகரும். என் குச்சிகள் அந்தப் பெரிய துவாரத்தில் போய்த் திணறும். இதற்கான கருவி வேறு, கனமான கம்பி. ஒன்றால் தாழை நெருக்கிப் பிடித்து, இன்னொன்றால் தகடுகளை ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும். முதலில் இறுகுவதைத் தேடுவது என்ற தத்துவம் மட்டும் அதேதான். அந்தப் பூட்டு 2019-ல் புவிசார் குறியீடு பெற்றபோது மகிழ்ந்தேன். குறியீடு கிடைத்தபின்னும் கைவேலைப் பட்டறைக்கு இளைஞர்கள் வராமல் போனால் அந்த மகிழ்ச்சி எத்தனை நாள்? அடுத்த முறை நான் உங்கள் ஊருக்கு வரும்போது கடையில் ஒன்று வாங்கித் தாருங்கள், விலையை நான் தருகிறேன்.

கே: பூட்டு இறுகினால் எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய் விடுவார்கள். சரியா?
— பொள்ளாச்சி வாசகி

ப: தலைக்கு விடுங்கள். பூட்டுக்குள் போன தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகித் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிராஃபைட் தூளைக் கொஞ்சம் ஊதிவிட்டு, சாவியை நாலைந்து முறை உள்ளே வெளியே இழுங்கள்.

கே: ராஜாக்கள் யாராவது இதில் ஈடுபட்டதுண்டா?
— தஞ்சாவூர் வாசகர்

ப: பிரான்சின் பதினாறாம் லூயிக்குப் பூட்டு வேலை உயிர். அரண்மனையிலேயே உலை வைத்திருந்தார். அவருக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் காமேன் என்ற பூட்டுத் தொழிலாளி. இருவரும் சேர்ந்து சுவருக்குள் ஓர் இரும்புப் பெட்டகம் அமைத்து ரகசியக் கடிதங்களை வைத்தார்கள். 1792-ல் அந்தப் பெட்டகம் எங்கே இருக்கிறது என்று புரட்சி அரசிடம் சொன்னவரும் அதே காமேன்தான். பூட்டு கடைசிவரை சரியாகத்தான் இருந்தது.

கே: படித்தவர்கள்?
— தஞ்சாவூர், அதே வாசகர்

ப: விடமாட்டீர்களே! ரிச்சர்ட் ஃபெய்ன்மன். பிற்பாடு நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர். அணுகுண்டு தயாரான லாஸ் அலமோஸில் வேலை பார்த்தபோது சகாக்களின் பூட்டுகளையும் எண் பூட்டுப் பெட்டகங்களையும் திறந்து காட்டி, இவ்வளவுதான் நம் பாதுகாப்பு என்று எச்சரித்துக்கொண்டிருந்தார். ஒரு சகாவின் அலமாரியை 27-18-28 என்ற எண்ணால் திறந்தார். கணிதத்தில் 2.71828 என்று வரும் மாறிலி அது. இயற்பியல்காரர் வேறு என்ன எண் வைப்பார் என்று ஊகித்ததுதான் அவருடைய கருவி. பக்கத்து அலமாரியும் அதே எண்ணில் திறந்துகொண்டது. உங்கள் ஏ.டி.எம். எண் உங்கள் பிறந்த வருடமா? மாற்றிவிட்டு மேலே படியுங்கள்.

கே: இதற்குச் சங்கம், போட்டி எல்லாம் உண்டா?
— கோவை வாசகர்

ப: ஜெர்மனியில் ஹாம்பர்க்கில் 1997-ல் தொடங்கிய சங்கம் உண்டு. நெதர்லாந்தில் ‘டூல்’ என்ற அமைப்பு உண்டு. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பூட்டுகளைக் கைமாற்றிக் கைமாற்றி, நேரம் பார்த்துத் திறப்பார்கள். தோற்றவர் ஜெயித்தவரிடம் அந்தப் பூட்டையே நீட்டி, எந்தப் பின்னில் ஏமாந்தேன் என்று கேட்டுக் கற்றுக்கொள்வார்.

கே: அப்படியானால் எல்லாப் பூட்டும் திறக்கும். வீட்டைப் பூட்டித்தான் என்ன பயன்?
— தூத்துக்குடி வாசகர்

ப: பயம் வேண்டாம். வீடு புகும் திருடன் உட்கார்ந்து பின்னை எண்ணிக்கொண்டிருக்க மாட்டான். கடப்பாரையால் நெம்புவான். பூட்டுக்குக் கொட்டிக் கொடுத்துவிட்டு நாதாங்கியை மரத்தில் இரண்டு குட்டைத் திருகால் பிடித்திருப்பவர்கள்தான் அதிகம். இன்று சாயங்காலம் உங்கள் கதவைப் பாருங்கள். திருகின் தலை வெளியே தெரிந்தால், முதலில் அதை மாற்றுங்கள். பூட்டை அடுத்த மாதம் பார்க்கலாம்.

கே: நான் குச்சியும் கையுமாக உட்கார்ந்தாலே மாமியார் முகம் சுளிக்கிறார். என்ன செய்ய?
— மதுரை வாசகி

ப: ஒரே ஒரு பின் போட்ட பூட்டை அவர் கையில் கொடுங்கள். “அத்தை, எனக்கு இது வரமாட்டேங்குது, நீங்க பாருங்களேன்” என்று சொல்லுங்கள். உருளை திரும்பியதும் இரண்டாவது பின் எங்கே என்று அவரே கேட்பார்.

கே: என் செட்டில் ஒரு கொக்கி வளைந்துவிட்டது. தூக்கிப் போட்டுவிடவா?
— வேலூர் வாசகர்

ப: இடுக்கியால் நிமிர்த்த முயலாதீர்கள், ஒடியும். வளைந்த நுனியை வெட்டிவிட்டு, அரத்தால் புதுக் கொக்கி ராவிக்கொள்ளுங்கள். அவ்வப்போது தண்ணீரில் முக்குங்கள், எஃகு சூடேறி நீல நிறம் கண்டால் அதன் முறுக்குப் போய்விடும். 600-ம் எண் தாளில் தேய்த்து முடித்தால் கொஞ்சம் குட்டையான, உங்கள் கைக்கென்றே செய்த குச்சி தயார். அதற்கு முன், பட்டைக் கம்பியை எந்த விரலால் அழுத்துகிறீர்கள் என்று பாருங்கள். கட்டைவிரல் என்றால் ஆள்காட்டி விரலுக்கு மாறுங்கள். இல்லையென்றால் அடுத்த கொக்கியும் வளையும்.